திருநீறு பூத்த கற்றாழை

எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு சோற்றுக்கற்றாழை பல மாதம் தலைகீழாகத் தொங்கியது. வேர் மேலே, மடல் கீழே. திருஷ்டிக்காக. கச்சிராயபாளையத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி நாலு வீட்டில் தொங்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறு. அந்தச் செடி என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிடுங்கிக் கட்டிவிட்டார்கள்.

அது கல்வராயன் மலையிலிருந்து வந்த செடி. கணவரும் நானும் ஒருமுறை பைக்கில் அருவி பார்க்கப் போயிருந்தோம். கரியாலூர் தாண்டி ரோட்டை அகலப்படுத்துகிற இடத்தில், பாறை ஓரம் இருந்த கற்றாழைப் புதரை ஜேசிபி புரட்டிப் போட்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒன்று மட்டும் நசுங்காமல் கிடந்தது. எடுத்து துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன். "அருவி பாக்க வந்தியா, குப்ப பொறுக்க வந்தியா?" என்றார் கணவர். இரண்டுக்கும்தான் என்றேன்.

வீட்டில் கைப்பிடி உடைந்த ஒரு பெயிண்ட் வாளி இருந்தது. அதில் வைத்து ஹால் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். ஒரே வருஷத்தில் வாளி கொள்ளாமல் மடல் விரித்தது. வருகிறவர்கள் எல்லாம் "யாரு வெச்சது?" என்று கேட்பார்கள். நான் என்று சொல்ல எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வீட்டில் என் கைக்கு ராசி இல்லை என்று ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது.

கலியாணமாகி வந்த புதிதில் ராசி இருந்தது. மாமியாரே என் கையில் முதல் மரவள்ளிக் குச்சியைக் கொடுத்து நடச் சொன்னார். மரவள்ளியை விதைப்பதில்லை, பழைய செடியின் தண்டைத் துண்டு போட்டு நடுவோம். வருஷா வருஷம் நடவு அன்று யாராவது கைராசிக்காரி முதல் குச்சியை ஊன்றிய பிறகுதான் மற்றவர்கள் கொல்லையில் இறங்குவார்கள். கொல்லை என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது அல்ல, மேட்டு நிலம். அந்த வருஷம் கிழங்கு நன்றாக இறங்கியது. "என் சின்ன மருமவ கை பட்டா பட்ட குச்சியும் துளுக்கும்" என்று ஊரெல்லாம் சொன்னார். வருஷங்கள் போயின. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கை அதே கைதான், ராசி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. முதல் குச்சி என் ஓரகத்தியின் கைக்கு மாறியது. கணவருடைய அண்ணன் மனைவி அவர், இரண்டு பிள்ளைக்குத் தாய். நான் வரப்பில் நின்று டீத்தூக்கைக் காவல் காக்க வேண்டியவள் ஆனேன்.

அதற்கடுத்த கோடையில் கொல்லையில் மாவுப்பூச்சி விழுந்தது. மரவள்ளியின் நுனி எல்லாம் சுருண்டு, கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டு, பாதிச் செடி வளராமல் நின்றுவிட்டது. நட்டது ஓரகத்தி. நான் செய்தது ஒரு கட்டுக் குச்சியை டிராக்டரிலிருந்து இறக்கி வைத்தது மட்டும். பூச்சி யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலைமையில்தான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். யாரோ ஒருத்தி வந்து தரையைப் பார்த்து வாயைப் பிளந்தாளாம். மறுநாளே மாமியாருக்குத் தலைவலி. நான் ரிஷிவந்தியத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாளி காலி. செடி வாசலுக்கு மேலே, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கருப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மரவள்ளிக் குச்சியை யாராவது முளை வரும் கண் கீழே போகும்படி நட்டுவிட்டால் "தலகீழா நட்டா எப்படி மொளைக்கும்" என்று கூலி ஆட்களிடம் கத்துகிறவர் என் மாமியார். அவர்தான் இதைச் செய்தவர்.

"அத்த, அது நான் வளத்த செடி."

"இன்னாடி இப்ப? வூட்டுக்குத்தான கட்டினேன், தெருவுக்கா கட்டினேன்?"

கற்றாழை லேசில் சாகாது. மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், தன் மடலுக்குள் இருக்கிற சோற்றைத் தானே தின்றுகொண்டு இருந்தது. கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். எனக்கு வாசலைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சு எரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை மாமியார் வாசலில் நின்று கூப்பாடு போட்டார். "வந்து பாருங்கடி! செடியில துன்னூறு வருது! தானா வருது!"

போய்ப் பார்த்தேன். மடல்கள் சேருகிற இடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. நான் அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் சொன்னேன், "அத்த, அது மாவுப்பூச்சி." அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு எல்லாமே பூச்சிதான்" என்றார். கொல்லையில் பார்த்தால் பூச்சி, வாசல் நிலைக்கு மேலே பார்த்தால் சாமி. மூட்டு வலியால் அவர் கொல்லைக்குப் போயே நாளாகியிருந்தது என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் சூடம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி வெல்லப் பொங்கல் வைத்துக் கொண்டுவந்து, அதில் ஒரு துளி எடுத்து செடிக்கே பூசிவிட்டாள். எறும்பு வந்தது. நிலையில் வரிசை கட்டி ஏறியது. "எறும்புகூட சாமி கும்புட வருது பாரு" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். எறும்பு ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பூச்சி கசிகிற இனிப்புக்கு வருகிறது. எறும்பு இருக்கிற இடத்தில் பூச்சி இன்னும் பெருகும். செடி நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அடி மடல் இரண்டு பழுத்துத் தொங்கின. கும்பிட வந்த யாருக்கும் அது கண்ணில் படவில்லை. திருநீறு அதிகமாகிறதே, அது போதாதா?

அடுத்த வெள்ளிக்கிழமையும் கூட்டம். ஒருத்தி எக்கி அந்தப் பொடியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, இடுக்கிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டை நெம்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். இறங்கி வந்து எல்லார் முன்னாலும் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு என் உள்ளங்கையில் திருநீறு நடந்தது.

"பாத்துக்குங்க. கால் கீது, மீசை கீது. நல்லா கும்புடுங்க" என்றேன்.

நெற்றியில் இட்டிருந்தவள் "ஐயய்யோ" என்று முந்தானையால் தேய்த்துக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்திருக்கக் கூடாது என்று இப்போதும் நான் நினைக்கவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் சாமி பீடையாகிவிட்டது. அந்த மாதிரிப் பதவி இறக்கம் எனக்குப் பழக்கமானதுதான். மாமியார் செடியை அறுத்துக் கீழே போட்டார். "முச்சந்தியில கொண்டு போய் எறிஞ்சிட்டு வா" என்றார். பிறகு, எல்லாரும் கேட்கும்படி, "யாரு வெச்ச செடி? வெச்ச கை அப்படி" என்றார்.

ஓரகத்தி அடுப்படியில் இருந்தார். கணவர் அப்போதுதான் பைக்கை நிறுத்தியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. குனிந்து செடியை எடுத்தேன்.

"எறிய மாட்டேன். இத நான் பொழைக்க வெச்சுக் காட்றேன். பொழச்சுதுன்னா தை மாசம் மொத குச்சி நான்தான் நடுவேன். சொல்லுங்க, சம்மதமா?"

மாமியார் செடியைப் பார்த்தார். அதில் பாதி அழுகியிருந்தது. "பொழச்சா பாக்கலாம்" என்றார். அப்படிச் சொன்னது அது பிழைக்காது என்ற நம்பிக்கையில்தான்.

சாப்பிடும்போது கணவர் மெதுவாகச் சொன்னார், "நான் அன்னிக்கே பாத்தேன், பூச்சின்னு. அம்மா சந்தோசமா இருந்துச்சி, உட்டுட்டேன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்புக் கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "அம்மா சந்தோசம் பாத்தீங்க, சரி. செடி என்னுதுன்னு தெரியும்ல?" என்றேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டார். மோர் ஊற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் துணி துவைக்கிற கல்லின் மேல் செடியைப் போட்டு வேலையை ஆரம்பித்தேன். அழுகின மடல்களைக் கத்தியால் அறுத்துத் தனியே போட்டு எரித்தேன். துணி சோப்பைக் கொஞ்சமாகச் சீவித் தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தேன். பூச்சி மேலே மெழுகு பூசியது போல ஒரு பூச்சு இருக்கும், தண்ணீர் வெறுமனே வழிந்துவிடும். அதற்கு ஸ்பிரிட் வேண்டும் என்று கணவர்தான் சொன்னார், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு. மருந்துக் கடைக்குப் போனேன்.

"யாருக்கும்மா காயம்?" என்றார் கடைக்காரர்.

"செடிக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஞ்சும் சேர்த்துக் கொடுத்தார்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்ததும் வெள்ளைப் பூச்சி பழுப்பாகிச் சுருங்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துத்தான் கொன்றேன். யார் யார் பேர் என்று எழுத மாட்டேன்.

வெட்டுக் காயம் காயாமல் மண்ணில் வைத்தால் கற்றாழை அழுகிவிடும். வெளியிலோ அடைமழைக் காலம். அதனால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு முறத்தில் போட்டு, மண்ணே காட்டாமல் உலர விட்டேன். "சோறு பொங்குற எடத்துல பீடைய வெச்சிக்கினு" என்று மாமியார் முணுமுணுத்தார். காது கேட்காதவள் போல இருந்தேன். காயம் நன்றாக ஆறிக் கடினமான பிறகு, வாய்க்கால் மணலும் உடைத்த செங்கல் துண்டும் கலந்து பழைய வாளியிலேயே வைத்தேன். அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டேன். எறும்பு ஏறாமல் இருக்க வாளிக்கு இரண்டு செங்கல் கொடுத்து, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் நிறுத்தினேன். சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற ஏற்பாடுதான்.

பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கார்த்திகை தீபம் முடிந்து ஒரு காலை பார்க்கிறேன், நடு மடல் சோர்ந்து கிடக்கிறது. மேலே ஒரு பூச்சிகூட இல்லை. சந்தேகப்பட்டு மண்ணோடு கவிழ்த்தேன். வேரில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே தேய்த்த என்னை ஏமாற்றிவிட்டுக் கீழே குடும்பம் நடத்தியிருக்கிறது. துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் காபி குடித்துவிட்டு வந்து செடி செத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கமாகியிருந்தது. "நான் சொல்லல?" என்றார்.

அந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் அன்றைக்கு நான் விட்டிருப்பேன். கத்தியை எடுத்தேன். வேர் முழுவதையும் அறுத்தேன். வெளி மடல் எல்லாவற்றையும் உரித்தேன். கட்டை விரல் பருமனில் ஒரு குருத்து மட்டும் மிஞ்சியது. அதைக் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, திரும்பவும் முறத்தில் போட்டேன். பழைய மண்ணை வெயிலில் கொட்டிப் பரப்பினேன். வாளியைக் கொதி தண்ணீரில் அலசினேன். ஓரகத்தி அந்தப் பக்கம் வந்தவர் ஒரு நிமிஷம் நின்றார்.

"இதுல இன்னா கீதுன்னு இவ்வளோ பாடு படுற? கடையில நல்லதா ஒன்னு வாங்கிக்கலாம்ல?"

"கடையில வாங்கினா அது கடக்காரன் கைராசி, அக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு மாமியார் கேட்டுவிடப் போகிறாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

காயம் ஆறியதும் புது மணல் போட்டு வாளியில் ஊன்றினேன். மார்கழி முழுக்கக் குருத்து அப்படியே இருந்தது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. தண்ணீர் விடக் கை பரபரக்கும். விடவில்லை. பொங்கலுக்கு முன்னால் லேசாக அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பொங்கல் கழிந்து நடுவில் ஒரு புது மடல், வெளிறிய பச்சையில், முள் இன்னும் மெத்தென்று. அதன் அடியில் மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு கன்றும் வந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஹால் நடுவில், புது டைல்ஸ் மேல், மாமியாரின் நாற்காலிக்கு எதிரே வைத்தேன்.

அன்று பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார். "செடியே குட்டி போட்டுடுச்சி. உனக்கும் சீக்கிரம் நல்லது நடக்கும் பாரு" என்றார் அன்பாக.

"அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லீங்க. அது அதுக்காகப் போட்டுக்கிச்சி" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சை நான் அந்த வீட்டில் அனுமதிக்கப்போவதில்லை. என் செடி என் வயிற்றுக்குச் சகுனமாக வளரவில்லை.

மாமியார் குனிந்து கன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார், "ஆத்தாளுக்கு வேண்டிக்கினேன். அதான் பொழச்சிது."

நடவு நாளன்று கொல்லையில் எல்லாரும் கூடினோம். கூலிக்கு வந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். கிழக்கு வரப்பில் சூடம் ஏற்றினார்கள். மூட்டு வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கிய மாமியார், மஞ்சள் தடவிய முதல் குச்சியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி ஓரகத்தியிடம் கொடுத்தார். ஓரகத்தி வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கத்துவேன் என்று கணவர் எதிர்பார்த்திருப்பார், ஒரு அடி முன்னால் வந்தார். நான் கத்தவில்லை. ஒரு கட்டுக் குச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பிலேயே நடந்து மேற்குக் கோடிக்குப் போனேன். அங்கே மண் அணைத்த பாரில் இறங்கி, கண் மேலே பார்க்க, முதல் குச்சியை ஊன்றினேன். இரண்டாவதை ஊன்றினேன். கிழக்கே யாரும் அசையவில்லை. கூலிக்கு வந்தவர்களில் மூத்த பெண்தான், "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? ரெண்டு பக்கமும் புடிச்சா வெயிலுக்கு முன்ன முடிஞ்சிடும்" என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் பக்கம் வந்தாள். அவளுக்கு ராசியும் இல்லை, வம்பும் இல்லை, வெயில்தான் கவலை. கொல்லை நடுவில் என் வரிசையும் ஓரகத்தியின் வரிசையும் சந்தித்தன. அன்றைக்கு வரப்பில் டீத்தூக்கைக் காவல் காக்க ஆள் இல்லை. டீயில் எறும்பு விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாமியார் என்னோடு பல நாள் பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை, கணவர் கொல்லையிலிருந்து கிள்ளி வந்த ஒரு மரவள்ளி நுனியை மாமியார் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நான் செடி முன்னால் உட்கார்ந்து கன்றைத் தனி வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னான்னு பாரு" என்றார் மாமியார்.

வாங்கிப் பார்த்தேன். நுனி சுருண்டிருந்தது. விரித்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. "மாவுப்பூச்சிதான்."

"கெழக்கால மட்டும்தானாம். உன் பக்கம் பச்சையா கீதாம்." குரலைத் தாழ்த்தினார். ஆனால் குழாயடிக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்த்தவில்லை. "நான்தான் தப்பு பண்ணிட்டேன். அவ கை பட்ட பக்கம் பாரு. அடுத்த வருசம் மொத குச்சி உன் கைதான்மா."

எத்தனையோ வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை. இனித்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குழாயடியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஓரகத்தியின் முகத்தில் இருந்ததை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். கண்ணாடியில்தான். வரப்பில் நின்றுவிட்டு வீடு திரும்பிய நாட்களில்.

"வேணாம் அத்த" என்றேன். "அக்கா கையில ஒன்னும் இல்ல. என் கையிலயும் ஒன்னும் இல்ல. கெழக்கால பக்கத்துக் கொல்லையில பழைய செடியப் புடுங்காம உட்டு வெச்சிருக்காங்க, அங்கிருந்து வருது. கைய பாத்துக்கினு நின்னா மேக்காலயும் வந்துடும். சாக்கு எடுங்க, போலாம்."

"ஆளு கூப்புடணுமே…"

"நாமதான் ஆளு."

ஓரகத்தி சோப்பு நுரையோடு கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். சாக்கை அவரே எடுத்தார். கணவர் வேப்பெண்ணெய்க்கும் ஸ்பிரேயருக்கும் போனார். கொல்லையில் நானும் ஓரகத்தியும் பக்கத்துப் பக்கத்துப் பாரில் இறங்கி, சுருண்ட நுனிகளைக் கிள்ளிக் கிள்ளிச் சாக்கில் போட்டோம், எரிப்பதற்கு. வரிசை முடியும் இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் டீத்தூக்கைப் பிடித்துக்கொண்டு, முன்பெல்லாம் நான் நின்ற அதே இடத்தில், வரப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கொல்லையில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வரப்புல எதுக்கு அத்த நிக்கிறீங்க?" என்று கத்தினேன். "முட்டி வலிச்சா ஒக்காந்து கிள்ளுங்க. எறங்கி வாங்க. கை ஜாஸ்தியா இருந்தா சீக்கிரம் முடியும்."